படி ஏறுமா இந்த வண்டி? மூன்று குழந்தை வண்டிகளும் ஒரு காரைக்குடி வீடும்

தள்ளுவண்டி என்றால் என் மனைவியின் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, நினைவுக்கு வருவது தெருமுனைக் கடலை வண்டிதான். "பிள்ளையை அதில் வைத்தா தள்ளப்போகிறீர்கள், மாப்பிள்ளை?" என்று கேட்டார். தலைப்பிள்ளை பிறந்த இந்தப் பதினான்கு மாதங்களில் மூன்று வகை வண்டிகளைத் தள்ளியாகிவிட்டது. ஒன்று மைத்துனர் வாங்கித் தந்தது, ஒன்று நாங்கள் வாங்கியது, மூன்றாவது சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்து விட்டுச்சென்றது. செட்டிநாட்டு வீட்டில் வண்டியைத் தள்ளும் நேரத்தைவிடத் தூக்கும் நேரமே அதிகம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

எங்கள் வீட்டில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏழு படி. பூம்புகாரில் வெள்ளம் கண்ட முன்னோர் அந்தப் பயத்தில் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, படி உண்மை. முகப்பைத் தாண்டி வளவு என்கிற உள்முற்றம், அதற்குப் பின் இரண்டாம் கட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரைச் சாண் உயர நிலைப்படி. நடுவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மட்டும் கண்ணாடிபோல் வழுக்கும். எந்த வண்டியும் அதில் ஓடும், பத்தடிக்கு.

முதலில் பெரிய வண்டி. படுக்கைக் கூடை, உட்காரும் இருக்கை, கார் சீட் மூன்றும் ஒரே சட்டத்தில் மாட்டிக் கழற்றும் வகை. பிறந்த குழந்தைக்கு இதுவே சரியானது. கழுத்து நிற்காத பிள்ளையைச் சாய்வாக உட்கார வைத்தால் தலை முன்னே சரிந்து மூச்சு தடைபடலாம் என்பதால், சுமார் ஆறு மாதம்வரை மல்லாந்து படுக்கிற வசதி கட்டாயம். அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், காற்றடித்த பெரிய சக்கரம், கீழே ஒரு வாரக் காய்கறி கொள்ளும் கூடை என்று குறையே இல்லாத வண்டி. ஆனால் எடை பதினான்கு கிலோ. குழந்தையுடன் ஏழு படி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். எங்கள் சிறிய காரின் டிக்கியில் இதை வைத்தால் வேறொரு பைக்கும் இடமில்லை. அடுத்தது முள். சிவகங்கைச் சீமையில் சீமைக் கருவேலம் இல்லாத சாலையோரம் ஏது? ஒரே மாதத்தில் இரண்டு பஞ்சர். சைக்கிள் கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒட்டித் தந்தார். பெரிய வண்டிதான் வேண்டும் என்பவர்கள் காற்று அடைக்காத ரப்பர் அல்லது ஃபோம் சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். எங்களுடையதில் ஆயா இப்போது சின்ன வெங்காயம் வைத்திருக்கிறார்.

அடுத்து, கைப்பிடியை இருபுறமும் மாற்றக்கூடிய நடுத்தர வண்டி. நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது இதுதான். ஏழு முதல் ஒன்பது கிலோ இருக்கும். பெரிய வண்டியின் விலையில் பாதிகூட ஆகாது. பிள்ளை நம் முகத்தைப் பார்த்தபடியும் வரலாம், தெருவைப் பார்த்தபடியும் போகலாம். இந்த யோசனை பழையது: 1889இலேயே வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்கர், படுக்கையைத் திருப்பி வைக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் திருப்பியது படுக்கையை; இப்போதைய மலிவு வண்டிகள் திருப்புவது கைப்பிடியை. வில்லங்கம் அதில்தான். கைப்பிடியை மாற்றியதும், சுழலும் முன்சக்கரம் நம் காலடிக்கு வந்துவிடுகிறது, திரும்பாத பின்சக்கரம் முன்னே போய்விடுகிறது. வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும். நான்கு சக்கரமும் சுழலும்படி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பின்பக்கம் முழுதாகச் சாயும் என்பதால் சின்னப் பிள்ளைக்கும் ஆகும். மடித்தாலும் அகலம் குறையாது. ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் மற்றவர்கள் முறைப்பார்கள்.

மூன்றாவது, பை அளவுக்கு மடங்கும் பயண வண்டி. பிரான்சில் வடிவமைத்த யோயோ போன்றவை இந்த வகை. ஆறு, ஏழு கிலோதான். மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடியிலிருந்து எழும்பூர்வரை இருக்கைக்கு மேலே பைகளோடு பையாக வந்தது. ஏழு படியையும் என் மனைவி ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வண்டி என்று தனியாகவே ஏறிவிடுகிறார். எனக்கு இது ஒன்றே போதும். குறையும் சொல்லிவிடுகிறேன்: சக்கரம் சிறியது, செம்மண் பாதையிலும் ஜல்லி கொட்டிய தெருவிலும் சிக்கி நிற்கும். சில மாடல்கள் முழுதாகச் சாயாது. அவற்றில் ஆறு மாதத்துக்கு முன் பிள்ளையை வைக்கக் கூடாது.

இதோடு குடைபோல் நீளமாக மடங்கும் வண்டியைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை 1965இல் உருவாக்கிய ஓவன் மெக்லாரன் விமானப் பொறியாளர்; அலுமினியத்தால் எடையைக் குறைத்ததில் அந்தக் கைப்பழக்கம் தெரியும். பின்னாளில் 2009இல், கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால், அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் மெக்லாரன் வண்டிகளுக்குக் கீல் மூடிகள் தர நேர்ந்தது. எந்த வண்டியானாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

சித்திரை வெயிலுக்கு மூன்றுமே சுமார்தான். கூரையின் மேல் துண்டைப் போர்த்தி மூடுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காற்று நின்றுபோய் உள்ளே சூடு ஏறும். குன்றக்குடி மலைக்கு எந்த வண்டியும் ஆகாது, இடுப்புதான்.

இன்று வாங்குவதாக இருந்தால், பிள்ளை பிறக்குமுன் எதையும் வாங்க மாட்டேன். முதல் சில மாதங்கள் தாய்வீட்டில், பெரும்பாலும் மடியிலும் தொட்டிலிலும் கழிந்துவிடுகின்றன. ஆறாம் மாதம் பயண வண்டி. அதற்கு முன்பே வெளியே போகும் வேலை இருக்கிறவர்களுக்கும், படியில்லாத புது வீட்டுக்காரர்களுக்கும் நடுத்தர வண்டி. பெரியது, லிஃப்ட் உள்ள சென்னை அடுக்ககத்துக்கு.

கடைக்குப் போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கொண்டுபோங்கள். அதை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வண்டியை மடித்து, கடைப் படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.