மெயிண்டனன்ஸ் கட்ட முடியலன்னா: நாமளே பேசிக்கிறதா, ஜேபிஜியா, பார் கவுன்சிலா, சொந்த லோயரா?

மலேசியாவுல, பினாங்கு பயான் லெப்பாஸ் ஃபேக்டரில எனக்கு ஓட்டி, அதாங்க ஓவர்டைம், நின்னு போச்சு, என் சம்பளம் கிட்டத்தட்ட பாதியாச்சு, ஆனா டிவோர்ஸுக்கு அப்புறம் மகளோட செலவுக்கு மாசம் 800 வெள்ளி (ரிங்கிட்) மெயிண்டனன்ஸ் கட்டணும்னு கோர்ட்டு போட்ட ஆர்டர் மட்டும் அப்படியே நின்னுச்சு. இந்த நாலு வழியிலயும் நானே போய் பார்த்துட்டேன், அதனால கொஞ்சம் உரிமையோட சொல்றேன். ஒண்ணு மட்டும், இது முஸ்லிம் அல்லாதவங்களுக்கான 1976 கல்யாணச் சட்டத்துல வர்ற கேஸ், முஸ்லிம்களுக்கு ஷரியா கோர்ட்டு, அது வேற கதை.

முதல்ல எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன், நாமளே பேசிக்கிறது. "சரி 500 போடுங்க, ஓட்டி வந்ததும் பார்த்துக்கலாம்"னு எக்ஸ் மனைவி வாட்ஸ்அப் வாய்ஸ்ல சொன்னாங்க, நானும் 20 மாசம் 500 போட்டேன், சில மாசம் மெஷின்ல கேஷா போட்டேன், அப்புறம் ஒரு தீபாவளிக்கு மகள யாரு வீட்டுக்குக் கூட்டிப் போறதுன்னு சண்டை வந்துச்சு, அடுத்த மாசமே 6,000 வெள்ளி பாக்கின்னு லோயர் லெட்டர். ஸ்லிப்ப எல்லாம் டிராயர்ல இருந்து எடுத்துப் பார்த்தா பாதி வெள்ளப் பேப்பரா இருக்கு, எழுத்தே இல்ல. அந்த வாய்ஸ் மெசேஜும் பழைய ஃபோனோட போச்சு. ஸ்கூல் சப்பாத்து வாங்குனேன், டியூஷனுக்குக் கட்டுனேன்னு சொன்னேன், அதெல்லாம் அப்பா ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு ஒரே வரியில தள்ளிட்டாங்க. ஜட்ஜ் மாத்துற வரைக்கும் பழைய ஆர்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும், இது எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அதையே கன்சென்ட் ஆர்டரா கோர்ட்டுல பதிஞ்சுக்கலாம், அப்படிப் பண்ணா இந்த வழி தப்பே இல்ல.

ஜேபிஜி, அதாங்க அரசாங்கத்தோட பந்துவான் குவாமான், சட்ட உதவித் துறை, 1971 சட்டத்துல இருந்து நடக்குது. வருமான வரம்பு பார்ப்பாங்க, ஐசி, சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், கோர்ட்டு ஆர்டர் எல்லாம் முன்கூட்டியே காப்பி எடுத்துட்டுப் போங்க. இங்க எனக்குப் பிடிச்சது மீடியேஷன். ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசி முடிக்கப் பார்ப்பாங்க, எக்ஸ் மனைவி கூட முகம் குடுத்துப் பேச முடியிறவங்களுக்கு இது நல்லா ஒத்து வரும். எங்களுக்கு வரல. இன்னொரு குழப்பம், ஒய்பிஜிகேன்னு வேற ஒரு சட்ட உதவி அமைப்பு இருக்கே, அங்க போய் நிக்காதீங்க, அது கிரிமினல் கேஸுக்கு.

பார் கவுன்சிலோட லீகல் எய்ட் சென்டர் கோலாலம்பூர்லயும் இருக்கு, இங்க பினாங்குலயும் இருக்கு. இவங்களும் வருமானம் பார்ப்பாங்க. சேம்பரிங் பண்ற, அதாவது லோயர் ஆகுறதுக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைங்கதான் முதல்ல உட்கார்ந்து கேப்பாங்க, சின்னப் பிள்ளைன்னு அலட்சியமா நினைச்சேன், அந்தப் பொண்ணு அழகா தமிழ்லயே கேட்டுச்சு: "அங்கிள், ஓட்டி எந்த மாசம் நின்னுச்சு, அதுக்கு முன்னாடி ஆறு மாச ஸ்லிப், பின்னாடி ஆறு மாச ஸ்லிப் இருக்கா?" சூழ்நிலை உண்மையிலேயே மாறிப் போச்சுன்னு காட்டணுமாம், ஆர்டர மாத்தக் கேக்குறதுக்கு அதுதான் அடிப்படை. வெறும் கஷ்டம்னு அழுதா ஓடாது.

சொந்த லோயர்னா வேகம், காசு இருந்தா. எனக்கு வாய்ச்சவரு டெப்பாசிட் வாங்கிட்டு மூணு மாசம் ஃபோனே எடுக்கல, அதனால எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆர்டர மாத்துற மனுவுக்கு மட்டும் எவ்ளோ, கோர்ட்டுக்கு வர்ற ஒவ்வொரு நாளுக்கும் தனியா காசான்னு எழுதி வாங்கிக்குங்க. பிள்ளைய பார்க்கிற உரிமையிலயும் தகராறுன்னா, இல்ல அம்மா வேற ஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னா, இந்த வழிக்குக் கடன் வாங்குனாலும் தப்பில்லன்னுதான் நினைக்கிறேன்.

காப்பிக்கடையில ஒரு அண்ணன் எப்பவும் சொல்வாரு, "பிள்ளைய காட்டலன்னா காச நிறுத்துடா, தானா வழிக்கு வருவாங்க"ன்னு. நல்ல மனுசன்தான், ஆனா கேக்காதீங்க. ரெண்டும் தனித்தனி விஷயம், காட்டலன்னா அதுக்குத் தனியா மனு போடணும், காச நிறுத்துனா நாமதான் மாட்டுவோம், கம்பெனிக்கே ஆர்டர் போய் சம்பளத்துல இருந்து நேரா புடிக்கிறதுக்கு 1968லயே சட்டம் இருக்கு. எச்ஆர் மேடம் முன்னாடி அந்த லெட்டரோட நிக்கிறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் கடைசியில பார் கவுன்சில் வழியா லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்குப் போனேன். இப்போ 550, பழைய பாக்கிக்கு மாசம் 200 தனியா. மகளுக்கு அடுத்த வருஷம் 18, அதோட முடிஞ்சுரும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன், 2018 டிசம்பர்ல சட்டத்த மாத்திட்டாங்களாம், மேல்படிப்பு முடியிற வரைக்கும் கோர்ட்டு கட்டச் சொல்லலாம். அவ டிப்ளோமா படிக்கணும்ங்கிறா. இப்பெல்லாம் பேங்க் ஆப்லதான் அனுப்புறேன், ரெஃபரன்ஸ்ல அவ பேரும் மாசமும் போட்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரெண்டு இடத்துல வெச்சுக்குறேன்.