கம்பெனி பிழைத்தது, என் ஷேர் பிழைக்கவில்லை

போன வாரம் தங்கை மகன் கேட்டான்: "மாமா, ஒரு ஷேர் மூணு ரூபாய்க்குக் கிடைக்குது. திவால் கேஸ் நடக்குதாம், ஆனா பெரிய குரூப் ஒண்ணு கம்பெனியை எடுக்கப் போகுதாம். கொஞ்சம் வாங்கிப் போடலாமா?" இதே கணக்கைப் போட்டுத்தான் நான் 1,70,400 ரூபாயை விட்டேன். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

முதலில் 212 ரூபாயில் 400 ஷேர் வாங்கினேன். கட்டுமானத் துறைக் கம்பெனி. விலை 96-க்கு வந்தபோது புரோக்கர் ஆபீஸ் தம்பி போன் செய்தார். "சார், இப்போ ஆவரேஜ் பண்ணிடுங்க, விட்டா கிடைக்காது." இறங்கிய விலையில் மேலும் வாங்கி, சராசரி வாங்கிய விலையைக் குறைப்பதுதான் ஆவரேஜ். இன்னும் 600 வாங்கினேன். நான் வாங்கினாலும் விற்றாலும் அவர்களுக்குக் கமிஷன் உண்டு என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. பின்னால் புகார் செய்யலாம் என்று பார்த்தால், எல்லாம் போனில் பேசியது. எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் லோயர் சர்க்யூட் ஆரம்பித்தது. காலை 9:15-க்குச் சந்தை திறந்த உடனே விலை 5 சதவீதம் இறங்கி அங்கேயே நிற்கும். விற்க லட்சக்கணக்கான ஷேர் வரிசையில் இருக்கும், வாங்க ஒருவரும் இருக்கமாட்டார். ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டிருந்தாலும் வாங்க ஆளில்லாத இடத்தில் அது என்ன செய்யும்? தினமும் ஆர்டர் போடுவேன், சாயங்காலம் அது தானாக ரத்தாகும்.

விலை 14-க்கு வந்தபோது கம்பெனி மீதான திவால் வழக்கு, அதை விசாரிக்கும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. வாங்கும்போது ஆப்பில் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்தது. படிக்காமல் ஓகே அழுத்தி 2,000 வாங்கினேன். சராசரி விலை 56.80-க்கு இறங்கிவிட்டது என்று சந்தோஷம் வேறு!

புது முதலாளி உண்மையிலேயே வந்தார். கம்பெனி இன்றும் ஓடுகிறது. ஆனால் பழைய ஷேர்களை ரத்து செய்துவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார். 2016 திவால் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் யாருக்கு முதலில் பணம் என்று வரிசையே இருக்கிறது: வழக்குச் செலவு, பிறகு தொழிலாளர் பாக்கியும் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கிகளும், மற்ற ஊழியர்கள், அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி. சாதாரண பங்குதாரர் கடைசி. வங்கிகளே பாதிக்கு மேல் தள்ளுபடி செய்யும் இடத்தில் நமக்கு என்ன மிஞ்சும்? 2021-இல் பிரமல் குழுமம் டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக் கடன் கம்பெனியை எடுத்தபோதும் இதுதான் நடந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு 34,250 கோடி ரூபாய்த் திட்டம், பங்குதாரர்களுக்குப் பூஜ்யம்.

அறிகுறிகள் எனக்கும் தெரிந்திருக்க வேண்டியவைதான். பழைய முதலாளி தன் பங்குகளில் பெரும்பகுதியை அடமானம் வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தை இணையதளத்தில் வரும் பட்டியலில் அது இருந்தது. விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் அந்த அடமானப் பங்குகளைச் சந்தையில் தள்ளுவார், விலை இன்னும் இறங்கும். ஆடிட்டரும் வருஷத்தின் நடுவில் விலகினார். "சொந்தக் காரணம்" என்று போட்டிருந்ததை நம்பிவிட்டேன்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நடுவில் சில நாள் ஒன்பது ரூபாய்க்கு வாங்க ஆள் இருந்தார்கள். அன்றைக்கே விற்றிருந்தால் 27,000 ரூபாய் கையில் வந்திருக்கும். மீதி நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டி, மற்ற ஷேர்களில் வரும் லாபத்தோடு எட்டு வருஷம் வரை கழித்திருக்கலாம். ரிட்டர்னை மட்டும் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். "போட்ட பணமாவது வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த ஷேரைப் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

தங்கை மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஒரு நூறு ஷேர் மட்டும்?" என்கிறான்.