.30-06 தோட்டாவுக்கு எந்த மருந்து? இரண்டு 4350-களும் அவற்றின் போட்டியாளர்களும்

அமெரிக்காவின் மொன்டானாவில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக் காலம் அக்டோபர் கடைசியில் தொடங்கி, நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங்கை அடுத்த ஞாயிறு வரை ஓடும். முதல் வாரம் சட்டையோடு மலை ஏறலாம். கடைசி வாரம் உறைபனிக்கும் கீழே பத்துப் பதினைந்து டிகிரி போய்விடும். நாமோ அந்தத் தோட்டாவை ஜூலை வெயிலில் சுட்டுப் பழகியிருப்போம். வேட்டைக்காகக் கையால் தோட்டா கெட்டிப்பவர், அதாவது வெற்றுக் கூட்டில் வெடிமருந்தையும் குண்டையும் தானே நிரப்புபவர், மருந்து வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். வேகமெல்லாம் அப்புறம்.

பேச்சு சிதறாமலிருக்க ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்கிறேன்: .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு. 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா இது. எல்க் வேட்டைக்கு இன்றும் குறையில்லாதது. குண்டு கனமாக ஆக, மருந்து நிதானமாக எரிய வேண்டும். வேகமாக எரிவதைப் போட்டால், குண்டு நகரத் தொடங்கும்போதே அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். குறைவாகத்தான் போட முடியும், வேகமும் வராது. 150 கிரெய்ன் குண்டுக்கு 4064 போன்ற நடுத்தர மருந்து பொருந்தும். 180க்கு வந்தால் 4350 என்ற மருந்தின் எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். காரணம் எளிது. கூடு கிட்டத்தட்ட கழுத்துவரை நிறைகிறது. தவறி இரண்டு முறை மருந்து கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கூட்டுக்குள் வெற்றிடம் இல்லாததால், துப்பாக்கியை மேலே பிடித்தாலும் கீழே பிடித்தாலும் மருந்து இடம் மாறாது. பற்றுவதும் ஒரே சீராக இருக்கும்.

சரி, எந்த 4350? குழப்பம் இங்கேதான். டூபாண்ட் நிறுவனத்தின் காலத்திலிருந்து வருவது ஐஎம்ஆர் என்ற பெயரில் விற்கும் 4350. ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்பது ஹெச் 4350. 2003இல் ஐஎம்ஆரையும் ஹாட்ஜ்டனே வாங்கிவிட்டதால் இன்று இரண்டும் ஒரே வீட்டுச் சரக்கு. ஆனாலும் ஒரே மருந்து இல்லை. ஐஎம்ஆர் கனடாவின் கியூபெக்கில் செய்யப்படுவது, ஹெச் ஆஸ்திரேலியாவின் முல்வாலாவிலிருந்து வருவது. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடவே கூடாது. 4831 என்ற இன்னொரு மருந்தின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்: ஐஎம்ஆர் 4831, ஹெச் 4831ஐ விட வேகமாக எரியும். எண் ஒன்றுதானே என்று ஹெச்சின் உச்ச அளவை ஐஎம்ஆரில் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். டப்பாவில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து, அதே பெயருக்கு உரிய கையேட்டு அட்டவணையைப் பார்த்து, அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெப்பம். ஹெச் 4350 வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அதிகம் அசையாதபடி உருவாக்கப்பட்டது. ஐஎம்ஆர் 4350 அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. குளிரில் வேகம் குறைந்துவிடுமே என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 2700 அடியில் போகும் குண்டு 50 அடி வேகத்தை இழந்தால், 300 கெஜத்தில் அது கூடுதலாக இறங்குவது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. எல்க்கின் நெஞ்சுப் பகுதிக்கு அது பொருட்டே இல்லை. ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. பிப்ரவரிக் குளிரில் உச்சம் வரை ஏற்றிய அளவு, கோடையில் வெயில்பட்ட வண்டிக்குள் கிடந்து சூடேறிய பிறகு அதைவிட அதிக அழுத்தம் தரும். .30-06க்கு அமெரிக்காவில் தோட்டாத் தரங்களை வகுக்கும் சாமி (SAAMI) அமைப்பு வகுத்த எல்லை 60,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தம். குளிரில் அந்த விளிம்பில் நின்ற தோட்டா வெயிலில் அதைத் தாண்டிவிடும். எனக்கே ஒரு முறை அப்படி ஆகியிருக்கிறது. ஜனவரியில் கெட்டித்ததை ஆகஸ்டில் சுட்டபோது துப்பாக்கி அறையை மூடும் போல்ட் இறுகிப்போனது, கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிவிட்டது; இரண்டும் அழுத்தம் மீறியதன் அடையாளம். தவறு என்னுடையதுதான். மீதியிருந்த தோட்டாக்களை அன்று மாலையே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அதிலிருந்து, எந்த மருந்தானாலும் என் கடைசி அளவை வெயில் நாளில்தான் சோதிக்கிறேன்.

வின்செஸ்டர் 760 என்ற மருந்து வேறு சாதி. 4350 இரண்டும் பென்சில் ஈயத்தைப் பொடியாக நறுக்கியது போல இருக்கும். அளவுக் கருவியின் உருளையில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படும், ஒவ்வொரு தடவையும் எடை கொஞ்சம் மாறும். அதனால் சற்றுக் குறைவாகக் கொட்டி, தராசில் வைத்து, மீதியை மணி மணியாகத் தட்டி நிரப்ப வேண்டியிருக்கும். 760 கடுகு போன்ற உருண்டை மருந்து. கருவியிலிருந்து தண்ணீர் போல இறங்கும், எடை பிசகாது. நூறு தோட்டா கெட்டிக்க உட்கார்பவருக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது ஒரு மாலை முழுக்கத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் தெரியும். ஹாட்ஜ்டனின் ஹெச் 414 என்ற மருந்தும் இதேதான், டப்பா மட்டும் வேறு. ஆனால் உருண்டை மருந்தின் மேல்பூச்சு அதிகம் என்பதால் கடுங்குளிரில் பற்றத் தயங்கும். வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமர் போடச் சொல்வது அதனால்தான். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும், மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். வெப்பத்துக்கு அசைவதிலும் இது ஹெச் 4350 அளவுக்கு உறுதி இல்லை. காட்டுப்பன்றிக்கு டெக்சாஸில் நிறையச் சுடுபவர் என்றால் 760ஐ நானே சிபாரிசு செய்வேன். நவம்பர் மலைக்கு வேண்டாம்.

வேகம்தான் வேண்டும் என்பவர்கள் ரீலோடர் 22க்குப் போவார்கள். நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படை மருந்து, 4350ஐ விட மெதுவாக எரிவது. கனமான குண்டுகளில் நல்ல வேகம் கொடுக்கும். வெப்பத்துக்கு ஆடுவதில் இந்தக் கூட்டத்திலேயே இதற்குத்தான் பெயர் அதிகம். கிடைக்கும் கூடுதல் வேகம் எல்க்குக்குத் தெரியப்போவதில்லை, என் தோளுக்குத்தான் தெரியும்.

ஹெச் 4831ஐப் பற்றி ஒரு வரி. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய 20 மி.மீ. பீரங்கி மருந்தை வாங்கி, வேட்டைக்காரர்களுக்கு விற்றார் புரூஸ் ஹாட்ஜ்டன். அந்த மருந்தின் வாரிசு இது. 200, 220 கிரெய்ன் குண்டு போடுபவருக்கு நல்ல தேர்வு.

ஆக, என் மேசையில் இருப்பது ஹெச் 4350. அதன் குறை, கடையில் கிடைக்காமல் போவது. 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு இதுவே பிடித்த மருந்தாகிப்போனதால், இலக்குச் சுடும் பந்தயக்காரர்களும் நாமும் ஒரே டப்பாவுக்கு அலைகிறோம். பவுண்டுக்கு 7000 கிரெய்ன்; .30-06க்கு அது 120 தோட்டா சுமாருக்கு வரும். அளவு கண்டுபிடிக்கும் சோதனையிலேயே பாதி போய்விடும். அதனால் கிடைக்கும்போது இரண்டு பவுண்டாக, இரண்டு டப்பாவிலும் ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்கவே இல்லையென்றால் ஐஎம்ஆர் 4350 போதும், உச்ச அளவிலிருந்து ஒரு படி கீழே நின்று, கோடையில் ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு மலைக்கு எடுத்துப் போங்கள்.