ஸ்பிட்ஃபயர் மாடல் கிட்: பல வருடம் அலமாரியில் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது

ஸ்பிட்ஃபயர் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானம். அதன் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் எத்தனை துண்டுகள் இருக்கின்றன, காக்பிட் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் மூன்று ஸ்பிட்ஃபயர்களைக் கட்டி, பல வருடமாக ஒரே கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். தினமும் கண்ணில் படுவது காக்பிட் அல்ல. இறக்கை உடலோடு சேரும் அந்த வளைவும், சக்கரக் கால்கள் நிற்கும் கோணமும்தான். இந்த இரண்டும் சரியாக அமைகிற கிட்டைத்தான் நல்ல கிட் என்பேன்.

ஆனால் கம்பெனியைத் தேடும் முன் எந்த ஸ்பிட்ஃபயர் வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். 1936 மார்ச் 5 அன்று முதன்முதலில் பறந்த அந்த விமானம் 20,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் அதன் மூக்கு, இறக்கை, வால் எல்லாமே மாறிவிட்டன. ஒவ்வொரு மாற்று வடிவத்துக்கும் 'மார்க்' என்று ஒரு எண் உண்டு. 1940-இல் பிரிட்டன் வானில் சண்டையிட்டது மார்க் 1. அதன் வலது இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டரும், இடது இறக்கைக்கு அடியில் சிறிய ஆயில் கூலரும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) கொண்ட மெர்லின் 60 வரிசை இன்ஜினோடு வந்த மார்க் 9-க்கு மூக்கு நீளம், புரொபெல்லருக்கு நான்கு இதழ்கள், அடியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ரேடியேட்டர். நிறமும் வேறு. மார்க் 1-க்குப் பச்சையும் மண் பழுப்பும். 1941-இன் பிற்பகுதியிலிருந்து பழுப்பு போய்ச் சாம்பல் வந்துவிட்டது. ஆக, மனதில் இருக்கும் படம் எது என்று தெரியாமல் கிட் வாங்கினால், எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கும்.

அடுத்தது அளவு. உண்மையான விமானத்தின் இறக்கை விரிவு 11.23 மீட்டர். 1/72-இல், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடலில், அது சுமார் 15.6 சென்டிமீட்டர், 1/48-இல் 23.4, 1/32-இல் 35. இந்த எண்களைப் படித்துவிட்டு நகராமல், ஒரு அட்டையை அந்த நீளத்துக்கு வெட்டி அலமாரியில் வைத்துப் பாருங்கள். 1/32 எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பது அப்போதுதான் புரியும். டாமியா நிறுவனத்தின் 1/32 மார்க் 9 அருமையான பொறியியல்; இன்ஜின் மூடியைக் காந்தம் வைத்துக் கழற்றி மாட்டலாம். வீட்டில் தனி இடம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு 1/48 போதும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் முறை கட்டுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 மார்க் 1ஏ. பெயிண்ட், பிரஷ், பசை எல்லாம் சேர்ந்தே வரும் தொடக்கப் பெட்டியாகவும் கிடைக்கிறது. துண்டுகள் குறைவு. இரண்டு விடுமுறை நாள்களில் ஒரு முழு விமானத்தைக் கையில் பிடிக்கலாம், அந்தச் சந்தோஷம்தான் அடுத்த கிட்டை வாங்க வைக்கும். என்னிடம் இருப்பது இன்றும் உருவத்தில் ஸ்பிட்ஃபயராகவே இருக்கிறது. ஓரடி தள்ளி நின்று பார்த்தால் அந்த நீள்வட்ட இறக்கை மனதை நிறைக்கிறது.

எட்வார்டின் 1/48 மார்க் 9 வேறு ரகம். செக் நாட்டு நிறுவனம். உடலெங்கும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகளை அவ்வளவு மெல்லியதாகச் செதுக்கியிருக்கிறார்கள். 'புரொஃபிபேக்' என்ற பெட்டியில் வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடுகளும், பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்க வெட்டிவைத்த மாஸ்க்குகளும் வருகின்றன. 'வீக்எண்ட்' என்ற பெட்டியில் அவை இல்லை, விலையும் குறைவு. உலோக இருக்கைப் பட்டியை இடுக்கியால் மடித்து ஒட்டுவது ஒரு தனி சுகம். பொறுமை உள்ளவர்களுக்கான கிட். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: கேனோபியை (காக்பிட்டின் மேல் வரும் கண்ணாடிக் கூண்டு) மூடி ஒட்டிவிட்டால் அந்த உழைப்பில் பாதி கண்ணுக்குத் தெரியாது. காக்பிட்டுக்காகவே இதை வாங்குகிறீர்கள் என்றால் கதவைத் திறந்து, கேனோபியைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள்.

மூன்றிலும் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது டாமியாவின் 1/48 மார்க் 1. 2018-இல் புதிய அச்சில் வந்தது. அதே நிறுவனத்தின் 1990-களின் மார்க் 1 கிட்டும் இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது, பெட்டியைக் கவனித்து வாங்குங்கள். புதியதில் இறக்கை உடலோடு சேரும் இடத்தில், இடைவெளியை அடைக்கும் பட்டி (putty) பூச வேண்டிய வேலையே எனக்கு இல்லை. மெல்லிய பசையைப் பிரஷ் நுனியால் தொட்டவுடன் இணைப்புக்குள் ஓடிக் கெட்டியாகிவிட்டது. அந்த இணைப்பு இன்றுவரை கோடு விடவில்லை. வருடங்கள் கழித்துத் தெரியும் பலன் இதுதான். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்த இணைப்புகளில் நாளடைவில் பட்டி சுருங்கி மெல்லிய கோடு எட்டிப்பார்க்கும். முதலிலேயே பொருந்தி வருகிற துண்டுகளில் அந்தக் கவலை இல்லை.

சக்கரக் கால்களும் அப்படித்தான். ஸ்பிட்ஃபயரின் கால்கள் குறுகலாக, சற்று முன்சாய்ந்து, வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். காலின் அடி ஆழமான குழிக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும்படி அச்சு இருந்தால் கோணம் தானாக அமையும். தட்டையான பரப்பில் வெறும் பசையை நம்பி நிற்கும் கால்கள், கொஞ்சம் கொஞ்சமாக அகன்று விமானம் சோர்ந்துபோனது மாதிரி ஆகிவிடும். கடையில் பெட்டியைத் திறக்க அனுமதித்தால் நான் முதலில் தேடுவது இந்தக் குழியைத்தான். திறக்க முடியாவிட்டால் மாடல் கிட்களின் விவரம் தரும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் அந்த அச்சு எந்த வருடத்தியது என்று பார்த்துவிடுகிறேன். புதுப் பெட்டி, புது ஓவியம், உள்ளே பல பத்தாண்டுகள் பழைய அச்சு என்பது இந்தத் துறையில் சாதாரணம்.

அப்புறம் டீகால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட படங்கள். வட்டச் சின்னமும் ஸ்குவாட்ரன் எழுத்துகளும்தான் விமானத்துக்கு முகம் கொடுக்கின்றன. ஒட்டும் முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். மேட் பரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மினுமினுப்பு வந்துவிடும். நேர் வெயில் படும் இடத்தில் மாடலை வைக்கவே கூடாது. வெயிலில் வண்ணம் மங்கும், டீகாலின் ஓரம் மஞ்சளாகும்.

ஆண்டெனா கம்பிக்கு, ஸ்ப்ரூவை (கிட் துண்டுகளைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தியில் சூடாக்கி இழுத்த நூல் பார்க்க அழகு. தூசி தட்டும்போது அறுந்துவிடும். மீள்தன்மையுள்ள மாடல் நூல் தூரிகை பட்டாலும் வளைந்து மீள்கிறது, இப்போது அதை மட்டுமே பயன்படுத்துகிறேன். 1/72-இல் ஆண்டெனாக் கம்பமே நூல் கனம்தான். அதைப் பித்தளைக் கம்பியால் மாற்றிக்கொண்டால் நிம்மதி.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. லாக்கர் (விரைவில் உலரும் கரைப்பான் கலந்தது) வகை வார்னிஷை மழைக்கால ஈரத்தில் அடித்தால் பரப்பில் வெண்படலம் படியும். பச்சையும் பழுப்பும் பனி மூடியதுபோல் ஆகிவிடும். காற்று உலர்ந்திருக்கிற நாளுக்காகக் காத்திருங்கள், மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டு அடியுங்கள். பூச்சு முழுதாக உலர்ந்த பிறகே கேனோபியின் மாஸ்கிங் டேப்பை உரியுங்கள். கேனோபிக்குச் சூப்பர் பசை வேண்டாம், அதன் ஆவி கண்ணாடித் துண்டை வெளுக்க வைத்துவிடும். உலர்ந்தால் நிறமின்றித் தெளியும் வெள்ளைப் பசையே போதும்.