ஆள் சேர்க்கும் ஒரு நிமிடப் பேச்சுக்கு 3-க்கு 5 அங்குல அட்டை போதுமா?

போதும். மன்றத்துக்குப் புது உறுப்பினர் சேர்க்கப் பேசுகிறவர் கையில் இருக்க வேண்டியது கோடு போட்ட குறிப்பு அட்டைதான். ஏ4 தாளைப் பிடித்தால் கை நடுக்கம் தாளின் நுனியில் இரட்டிப்பாகத் தெரியும். 76-க்கு 127 மி.மீ. அட்டை உள்ளங்கையில் அடங்கிவிடும். 4-க்கு 6 அங்குல அளவு வேண்டாம். இடம் அதிகம் இருந்தால் முழு வாக்கியம் எழுதத் தோன்றும், எழுதியதை வாசிக்கத் தோன்றும். வாசிக்கிற குரலைக் கேட்டு யாரும் மன்றத்தில் சேருவதில்லை.

வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். 180 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) கீழே போனால் வளையும். பளபளப்புப் பூச்சு உள்ளதைத் தவிர்க்கவும், வியர்வை பட்டால் ஜெல் பேனா மை இழுவிக்கொள்ளும்.

இந்த அட்டையின் பெரிய பலமே அதன் இடநெருக்கடிதான். ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில், 5 மி.மீ. உயர எழுத்தில் எழுதினால் ஐந்து வரிக்கு வசதியாக இடம் இருக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆலன் மன்ரோ, கேட்பவரை இணங்கவைக்கும் பேச்சுக்கு 1930-களில் வகுத்த ஐந்து படிகளும் அதில் சரியாக உட்காரும்: கவனம், தேவை, தீர்வு, காட்சி, செயல். நொடிக் கணக்கு 10, 15, 15, 10, 10.

கடைசி வரியை முதலில் எழுதுங்கள். “உறுப்பினராகச் சேருங்கள்” என்று எழுதினால் பேச்சு அங்கேயே தோற்றது. முன்பின் தெரியாதவரிடம் ஒரு நிமிடத்தில் கேட்கக்கூடிய விஷயம் அதுவல்ல. “வியாழன் மாலை 6 மணி, மாடி அறை, ஒருமுறை வந்து பாருங்கள்” என்பது கேட்கக்கூடியது. அடுத்து தேவை வரி. சதுரங்க மன்றம் என்றால் “ஆடத் தெரியும், எதிரே உட்கார ஆள் இல்லை.” மன்றம் எப்போது தொடங்கியது, யார் தலைவர் என்பதற்கெல்லாம் அட்டையில் இடம் கிடையாது, அதுவும் நல்லதுதான்.

பலர் விட்டுவிடுவது நான்காவது வரியை, வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் காட்சி வரியை. புதிதாக வருபவருக்கு உள்ள பயம், உள்ளே போனால் எங்கே உட்காருவது என்பதுதான். “வந்ததும் பெயரைக் கேட்போம், பத்து நிமிடத்தில் பலகை முன் இருப்பீர்கள்” என்று சொன்னால் அந்தப் பயம் பாதி குறையும்.

பின்பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில்: கட்டணம் எவ்வளவு, வாரம் எத்தனை மணி நேரம், ஒன்றும் தெரியாதவர் வரலாமா.

அட்டைக்குக் குறையும் உண்டு. அது நேரம் காட்டாது. ஒத்திகைக்குக் கைபேசி டைமர் வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைத்து, 60 நொடிக்கு இலக்கு 50 நொடி, ஏனென்றால் கூட்டத்தில் சத்தம் அடங்கவே சில நொடிகள் போகும். தமிழில் 80, 90 சொற்களைத் தாண்டினால் மூச்சு வாங்கும். நேரம் மீறினால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு சொற்றொடரை முழுசாக வெட்டுங்கள். ஐந்து முறை ஒத்திகை, மூன்றாவதிலிருந்து அட்டையைக் கவிழ்த்து வைத்து. இன்னொரு குறை, கேட்டவர் எடுத்துப்போக இதில் ஒன்றும் இல்லை. நாள், நேரம், இடம் மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு தனியாக வேண்டும்.

அடித்துத் திருத்திய அட்டையோடு மேடை ஏறாதீர்கள். அடித்த இடத்திலேயே கண் போய் நிற்கும். முதல் நாள் இரவே புது அட்டையில் சுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.