கிட்டாரில் குறை இல்லை, அந்தப் பின்தான்

கோபியில் இருக்கும் என் மனைவியின் தம்பி போன வாரம் போன் செய்தார். "மாமா, உங்க கிட்டார் மாதிரியே ஒன்னு பாப்பாவுக்கு எடுக்கலாம்னு இருக்கறனுங்க, இப்ப வெலை கொறைஞ்சிருக்குது, எடுக்கலாமுங்களா?" நான் அன்றைக்குத்தான் கிட்டாரைப் பழுது பார்த்து வாங்கி வந்திருந்தேன், கோபம் அடங்கவில்லை. அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது உலோகக் கம்பி கிட்டார், ஐந்து வருடமாக வாசிக்கிறேன். சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முகப்பு முழு ஸ்ப்ரூஸ் மரப் பலகை, வாங்கிய நாளைவிட இப்போது நாதம் நன்றாகத் திறந்திருக்கிறது. ஜி கார்டு அடித்தால் மடியில் வைத்திருக்கிற எனக்கு நெஞ்செலும்பு வரை அதிர்வு வரும். புதுக் கம்பி போட்ட மறுநாள் காலையில் அதை வாசிப்பதுபோல் ஒரு சுகம் கிடையாது.

அந்தப் புதுக் கம்பியைப் போடுவதுதான் பாடு. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும், அதோடு என் விரல் வியர்வையும் சேர்ந்து மூன்று மாதத்தில் கம்பி கறுத்துவிடும். ஆக வருடத்துக்கு நான்கு தடவையாவது இந்த வேலை உண்டு. என்னுடையதில் கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ 14-க்கு 1, அதாவது கீயை 14 சுற்று சுற்றினால்தான் கம்பி சுற்றிக்கொள்ளும் தண்டு ஒரு சுற்று சுற்றும். ஒவ்வொரு கம்பிக்கும் தண்டில் இரண்டு மூன்று சுற்று வேண்டும் என்றால் ஆறு கம்பிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 தடவை பக்கம் வருகிறது. கையால் செய்யாதீர்கள், கீயில் மாட்டிச் சுற்றும் வைண்டர் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். சரி, அதுகூடப் பழகிவிடும்.

பழகாதது பிரிட்ஜ் பின், அதாவது முகப்பில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்கிற கட்டையில், கம்பி நுனி இறங்கும் துளையை அடைக்கும் சின்ன முளை. அதிலும் ஆறாவது கம்பியின் பின். பழைய கம்பியைத் தளர்த்திய பிறகும் அது அசையாது. இந்த ஆடியில் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் துணி சுற்றிக் கட்டிங் பிளேயரால் பிடித்தேன், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. மனைவி செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நான் முகப்பில் இருக்கும் வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்குள் கையை விட்டு, ஒரு நாணயத்தால் அடியிலிருந்து தள்ளித் தள்ளித்தான் மீதியை வெளியே எடுத்தேன். முக்கால் மணி நேரம். மரத்தில் கீறல் விழுந்துவிடுமோ என்று அவ்வளவு பயம்.

புதுப் பின் செட் வாங்கலாம் என்று கோயம்புத்தூர் போனேன். கடையில் இருந்ததை வாங்கி வந்து போட்டால் பாதிதான் இறங்குகிறது, கம்பியை முறுக்கும்போது துள்ளி வெளியே வருகிறது. பிறகுதான் தெரிந்தது, பின் கீழே போகப் போக ஒடுங்கும், அந்தச் சரிவில் 3 டிகிரி, 5 டிகிரி என்று தனித்தனி வகை உண்டு, துளைக்குப் பொருந்தாவிட்டால் நிற்காது. இதை பெட்டியிலும் போடவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. நல்ல பலகை போடத் தெரிந்தவர்கள் ஆறு பின்னில் போய்ச் சிக்கனம் பார்த்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் பழுது பார்ப்பவர் துளையைச் சீவி, புதுப் பின்னைப் பொருத்திக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும், தப்பில் பாதி என்னுடையது. பின்தான் கம்பியைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைத்து இத்தனை வருடமும் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றியிருக்கிறேன். உண்மையில் கம்பி நுனியில் இருக்கும் உருண்டை உள்ளே பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் பலகையில் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும், பின் அதை நகராமல் பார்த்துக்கொண்டால் போதும். உருண்டை பின்னின் நுனியில் மாட்டிக்கொண்டால், முறுக்க முறுக்கப் பின்னையே மேலே தள்ளும். ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது, சும்மாவா? ஆகவே உருண்டைக்குப் பக்கத்தில் கம்பியைச் சற்று வளைத்து உள்ளே விட்டு, பின்னை லேசாக வைத்து, கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், டக்கென்று உட்காருவது கைக்கே தெரியும். அதற்கப்புறம் முறுக்குங்கள். கழற்றும்போது தளர்த்திய கம்பியை முதலில் துளைக்குள் கீழே தள்ளிவிட்டுத்தான் பின்னைத் தொட வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் சொல்கிறேன், மாப்ளே, பாப்பாவுக்கு இது வேண்டாம். நைலான் கம்பி கிட்டார் எடுங்கள், அதில் பின்னே கிடையாது, பிரிட்ஜிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டுவது, பிஞ்சு விரலுக்கும் வலி குறைவு. இல்லை, இதுதான் வேண்டும் என்று பாப்பா பிடிவாதம் பிடித்தால் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடுங்கள். அதன் முதல் செட்டை நானே மாற்றித் தருகிறேன், பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.