கேஸ் எந்த வழியாகப் போகிறது? பழைய எம்ஆர்2-வில் நான்கு சோதனைகள்

மலையில் ஏசி எதற்கு என்று ஹட்டனில் எல்லாரும் கேட்பார்கள். கினிகத்தேனை இறங்கி, கித்துல்கல தாண்டி, அவிசாவளை வெயிலில் மாட்டிக்கொண்டால் கேட்கமாட்டார்கள். நண்பனிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2. எஞ்சினும் அதோடு ஓடும் ஏசி கம்ப்ரெசரும் ஆசனத்துக்குப் பின்னால், கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சர் முன்னால். கம்ப்ரெசரையும் கண்டென்சரையும் இணைக்கும் கேஸ் குழாய் காரின் நீளத்துக்கு ஓடுகிறது. கேஸ் எங்கேயோ கசிந்துகொண்டே இருக்க, திரும்பத் திரும்ப அடித்து அலுத்துப்போய், "மச்சான், இதுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்றான்.

முதலில் வெக்கூம்: குழாயில் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, முள் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. பம்பை மாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம், அதனால் பல கராஜ்களில் இதுதான் வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஓடும்போது 10, 15 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) தாங்குகிற குழாயை ஒரு பாருக்கும் குறைவான வித்தியாசத்தில், அதுவும் தலைகீழாகச் சோதிக்கிறோம். வெளியே கசிகிற சீல், உள்ளே இழுக்கும்போது சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். நுவரெலியாவில் இன்னொரு வில்லங்கம். சுமார் 1,868 மீற்றர் உயரம் என்பதால், கடல்மட்டத்தில் 29 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டும் முள் அங்கே 24-ஐச் சுற்றியே நின்றுவிடும். அதைப் பார்த்து நல்ல பம்பைக் கழற்றிப் பிரித்த மெக்கானிக் பாஸ் ஒருவரை எனக்குத் தெரியும்.

நைதரசனும் சவர்க்கார நுரையும்தான் என் தேர்வு. ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ (சுமார் 10 பார்) ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் நுரையைப் பூசி டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டயருக்கு அடிக்கும் கம்ப்ரெசர் காற்று வேண்டாம், ஈரம் உள்ளே போய்விடும். எங்கள் காரில் முன்பக்க மூட்டொன்றில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதிப் பெருத்தது. மழைத்தூறலில் இந்த வேலை நடக்காது, கூரை வேண்டும். இரவு முழுக்க அழுத்தம் வைத்துப் பார்ப்பவர்கள் குளிரையும் கணக்கில் எடுக்கவேண்டும். பகல் 20 பாகை, விடியல் 10 பாகை என்றால் லீக்கே இல்லாமல் ஐந்து பிஎஸ்ஐ அளவு இறங்கும்.

டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிராக்கும் எவாப்பரேட்டருக்கு நுரை எட்டாது. அங்கே மோப்பம் பிடிக்கும் எலக்ட்ரானிக் கருவிதான் வெல்லும். ஃபேனைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்து, தண்ணீர் வடியும் குழாய் வாயில் அதைப் பிடித்தால் போதும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். ஆனால் குளிரில் கேஸ் அழுத்தமே குறைவு, சின்ன லீக் ஏமாற்றிவிடும். பெற்றோல் வாடைக்கே கத்துகிற கருவிகளும் உண்டு.

நீலவிளக்கில் ஒளிரும் சாயம் பொறுமைசாலிகளுக்கு. எண்ணெயோடு சுற்றி வெளியே வர நாள்கணக்கில் ஏசி ஓடவேண்டும். மலையில் யார் ஏசி போடுகிறார்கள்? நண்பன் சாயத்தை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை கொழும்புக்குப் போய்வந்தான். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்ரெசர் கிளட்சுக்குப் பின்னால் பச்சை மினுமினுப்பு, விசிறியடித்த மாதிரி. கம்ப்ரெசரின் சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் ஷாஃப்ட் சீல்தான், ஓடும்போது மட்டும் கசிகிறது. நைதரசனில் அது அகப்படவே இல்லை.

சரி, ரிப்பேர். மூட்டுக்குக் கேஸுக்கு ஏற்ற ஓ-ரிங் (ரப்பர் வளையம், பெரும்பாலும் பச்சை நிறம்) போட்டாலே போதும், எண்ணெய் தடவி மாட்டவேண்டும். டப்பாவில் வரும் லீக் அடைப்பானை மட்டும் தொடாதீர்கள். ஈரம் பட்டால் இறுகி, எவாப்பரேட்டருக்குப் போகும் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடும், கேஸ் உறிஞ்சும் மெஷினையும் கெடுக்கும். ஷாஃப்ட் சீலா, முழுக் கம்ப்ரெசரா என்பதுதான் பெரிய வழக்கு. ஷாஃப்டில் கீறல் இல்லையென்றால் சீல் மட்டும் மாற்றலாம் என்பேன். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தோம், தடுக்கவில்லை. ஆர்12 என்ற பழைய கேஸுக்குச் செய்த கார் என்பதால், அதற்குப் பதிலாக ஆர்134ஏ கேஸ் அடிக்கும் முன் பழைய மினரல் எண்ணெயையும் வடித்து எஸ்டர் எண்ணெய் ஊற்றினோம்.

இப்போது அவன் நானுஓயா மூடுபனியிலும் வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஏசி போடுகிறான். சீல் காயாது, முன்கண்ணாடியும் தெளிகிறது. பக்கத்தில் நான்தான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.